பல பொறிகளுக்கு ஒரு மொழி

நுழையும்முன்

கைப்பேசியில் ஒரு செயலியைத் தொட்டவுடன் அது திறந்துகொள்கிறது. வேறு நிறுவனம் செய்த கைப்பேசியிலும் மேசைமீதுள்ள கணினியிலும் அதே செயலி திறந்துகொள்கிறது. இதனை இயல்பான ஒன்றாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால், அக்கருவிகளுக்குள் இருக்கும் நுண்செயலிகள் ஒன்றுக்குரிய ஆணையை மற்றொன்று அறியாதவை. ஒருமுறை எழுதிய நிரல் வெவ்வேறு பொறிகளில் பிழையின்றி இயங்கவேண்டும் என்னும் எண்ணம் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் வல்லுநர் பலருக்கே நகைப்புக்குரியதாக இருந்தது. அவ்வெண்ணத்தை விடாது பற்றிநின்ற கணிதப் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இது.

ஏழு கடிகாரங்கள்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் கிரேஸ் புரூஸ்டர் முர்ரே பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த மூன்று மக்களுள் அவரே மூத்தவர். தந்தையார் வால்டர் காப்பீட்டுத் தொழில் செய்துவந்தார். தாயார் மேரிக்குக் கணிதத்தில் ஈடுபாடு மிகுதி. தாயாரின் முன்னோருள் ஒருவர் கடற்படைத் தளபதியாக விளங்கியவர்; கடலின்மீதும் கடற்படையின்மீதும் கிரேஸ் கொண்ட பற்று அவ்வழியே வந்தது.

ஏழு வயதில் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. விடியலில் ஒலியெழுப்பும் கடிகாரம் எவ்வாறு ஒலிக்கிறது என்பதே அது. வீட்டிலிருந்த ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தார். பற்சக்கரங்களும் சுருள்வில்லும் சிதறின. மீண்டும் பூட்டத் தெரியவில்லை. வேறோர் அறையிலிருந்த கடிகாரத்தைப் பிரித்தால் முதற்கடிகாரத்தைப் பூட்டும் முறை விளங்கும் எனக் கருதி அதனையும் பிரித்தார். இவ்வாறு ஏழு கடிகாரங்கள் பிரிபட்ட பின்னரே தாயார் அதனைக் கண்டார். தாயார் மகளைத் தண்டிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பழகலாம் என வரையறை செய்தார்.

நோயினால் கால்களை இழந்த தந்தையார், தம் மகள்கள் எவரையும் சாராது வாழத்தக்க கல்வியைப் பெறவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மகனுக்கும் மகள்களுக்கும் ஒரே வகையான கல்வி என்பது அக்காலத்தில் எல்லாக் குடும்பங்களும் ஏற்ற கருத்தன்று. வாசர் கல்லூரியில் சேர முயன்ற கிரேஸ், முதல்முறை இலத்தீன் மொழித்தேர்வில் மதிப்பெண் குறைந்தமையால் இடம் பெறவில்லை. ஓராண்டு காத்திருந்து மீண்டும் தேர்வெழுதிச் சேர்ந்தார். 1928இல் கணிதம், இயற்பியல் ஆகிய பாடங்களில் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். இதற்கிடையே 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பாரை மணந்து கிரேஸ் ஹாப்பர் ஆனார். பிற்காலத்தில் அம்மணம் முறிந்தபோதும் அப்பெயரே நிலைத்தது.

1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். தம் மாணவியர் கணக்கைச் செய்து முடித்தால் மட்டும் போதாது, அதனைத் தெளிவான உரைநடையில் விளக்கியும் எழுதவேண்டும் என வலியுறுத்தி, அவ்வுரைநடைக்கு மதிப்பெண் வழங்கினார். இது மொழி வகுப்பா, கணித வகுப்பா என மாணவியர் முறையிட்டனர். பிறருக்கு எடுத்துரைக்க இயலாத கணிதத்தால் பயனில்லை என்பது அவர்தம் துணிபு. மொழியாசிரியர் என்ற முறையில் இச்செய்தி எமக்குப் பெருமகிழ்ச்சி தருவது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்து டன் எடையுள்ள கணிப்பொறி

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியது. கிரேஸ் ஹாப்பர் கடற்படையின் மகளிர் துணைப்பிரிவில் சேர விழைந்தார். வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. எடையோ வரையறுத்த அளவைவிட ஏறத்தாழ 15 பவுண்டு குறைவு. கணிதப் பேராசிரியர் பணியே நாட்டுக்குப் பயன்படும் என அதிகாரிகள் எடுத்துரைத்தனர். அவர் பின்வாங்கவில்லை. சிறப்பு விலக்குப் பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார்; பயிற்சிப்பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார். கப்பலில் செல்லும் கனவுடன் வந்தவரை 1944 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கட்டடமொன்றின் கீழ்த்தளத்துக்கு அனுப்பினர்.

அங்கே நின்றிருந்தது மார்க் 1 என்னும் கணிப்பொறி. 51 அடி நீளமும் 8 அடி உயரமும் ஏறத்தாழ 5 டன் எடையும் கொண்ட அப்பொறியில் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தன. அது நொடிக்கு மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி வேண்டும். இன்றைய கைப்பேசியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆமை நடைதான். எனினும், பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட மனிதர் பலர் பல நாள் உழைக்கவேண்டியிருந்த காலத்தில் அது பெரும் வியப்பு. அதனை வடிவமைத்த ஹோவர்டு எய்க்கன் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். வந்த அன்றே கிரேசிடம் பொறியைக் காட்டி, முக்கோணவியல் கணக்கொன்றினை ஒரு வாரத்திற்குள் அதில் செய்து முடிக்குமாறு பணித்தார்.

மார்க் 1 தாளில் எழுதிய சமன்பாட்டை அறியாது. ஒவ்வோர் ஆணையும் தாள்நாடாவில் துளைகளாக அமையவேண்டும். எந்த எண்ணை எந்தச் சேமிப்பிடத்திலிருந்து எடுப்பது, எங்கே கொண்டுபோய் வைப்பது, அதன்மீது என்ன செய்வது என்பவற்றைத் துளைகளின் இருப்பிடம் கூறும். ஒரு துளை இடம் மாறினால் விடை மாறும். அப்பொறிக்கு நிரல் எழுதிய முதல் சிலருள் கிரேஸ் ஒருவர். அதன் இயக்கமுறையை விளக்கி ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டையும் எழுதினார். அது 1946இல் வெளிவந்தது.

அங்கே பணிசெய்தோர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தனர். சைன் மதிப்பைக் காண்பது போன்ற அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கு நன்கு இயங்கிய துணைநிரல் கிடைத்தால் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பர். பிறருக்குத் தேவைப்படும்போது அதனைப் பார்த்துப் படியெடுப்பர். படியெடுக்கும்போது நினைவிட எண்களையெல்லாம் புதிய நிரலுக்கு ஏற்பக் கூட்டி மாற்றவேண்டும். இதில் இரண்டு உண்மைகளை கிரேஸ் கண்டார். நிரலர்களுக்குச் சரியாகக் கூட்டத் தெரியவில்லை. சரியாகப் படியெடுக்கவும் தெரியவில்லை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். இந்தச் சிறிய கண்டறிதலே பின்னாளில் பெரிய மாற்றத்துக்கு வித்தாயிற்று.

இங்கே ஓர் அந்துப்பூச்சியின் கதையையும் கூறவேண்டும். கூறாவிட்டால் அவரை அறிந்தோர் எம்மை மன்னியார். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் 2 பொறி பிழைபட இயங்கியது. பிரித்துப் பார்த்தபோது ரிலே ஒன்றின் இடையே அந்துப்பூச்சி ஒன்று சிக்கி மடிந்திருந்தது. அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்து, பூச்சி உண்மையிலேயே கண்டுபிடிக்கப்பட்டதாகக் குறிப்பெழுதினர். பொறிக்கோளாற்றைப் பூச்சி எனக் குறிக்கும் வழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தது. ஆகவே, அச்சொல்லை கிரேஸ் படைத்தார் என்பதோ, பூச்சியை அவரே பிடித்தார் என்பதோ சரியன்று. அந்நிகழ்ச்சியை வாழ்நாள் முழுதும் சுவைபடச் சொல்லிச்சொல்லி உலகறியச் செய்தவர் அவர். அப்பதிவேடு பூச்சியுடன் சுமித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

பொறியே நிரல் எழுதினால் என்ன?

போர் முடிந்தது. கடற்படையின் முறையான பணியில் தொடர விரும்பிய கிரேசுக்கு வயது தடையாயிற்று. சேமப்படையில் மட்டும் தொடர்ந்தார். ஹார்வர்டிலும் நிலையான பதவி கிட்டவில்லை. பேராசிரியப் பணிக்குத் திரும்பியிருந்தால் பாதுகாப்பான வாழ்வு கிடைத்திருக்கும். அவரோ 1949இல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். நாளை இருக்குமோ இராதோ என்னும் நிலையிலிருந்த நிறுவனம் அது. மறு ஆண்டே ரெமிங்டன் ரேண்ட் நிறுவனம் அதனை வாங்கியது. அங்கே உருவான யூனிவாக் கணிப்பொறி 1951இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்நிறுவனத்தின் மற்றொரு பொறியான பைனாக்குக்கு எட்டின் அடிமான எண்களில் ஆணையிடவேண்டும். கிரேஸ் அதில் நன்கு தேர்ந்தார்; அளவுக்கு மிஞ்சியே தேர்ந்துவிட்டார். வங்கிக் கணக்கு மாதந்தோறும் இடித்தது. எங்கே பிழை என்று அவருக்கு விளங்கவில்லை. வங்கிப் பணியிலிருந்த தம்பி பொறுமையாகப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்: அக்காள் காசோலைப் புத்தகத்தில் சில இடங்களில் எட்டின் அடிமானத்தில் கழித்திருந்தார்! மனிதர் பொறியின் வழிக்கு மாறுவதைவிடப் பொறி மனிதரின் வழிக்கு வருவதே முறை என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது.

உடன் பணியாற்றிய பெட்டி ஹோல்பர்ட்டன், தரவுகளை வரிசைப்படுத்தும் நிரலைத் தானே உருவாக்கித்தரும் நிரல் ஒன்றினை 1951இல் எழுதியிருந்தார். அதனைக் கண்ட கிரேஸ் ஒருபடி மேலே சிந்தித்தார். சோதித்துச் சரிபார்த்த துணைநிரல்களைக் காந்தநாடாவில் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக்குறி கொடுத்தால், மனிதர் அக்குறிகளை மட்டும் வரிசையாக எழுதினால் போதும். துணைநிரலைத் தேடி எடுப்பதும் நினைவிட எண்களைக் கூட்டி மாற்றுவதும் படியெடுப்பதும் பொறியின் வேலை. பொறி கூட்டலில் தவறாது, படியெடுப்பதிலும் தவறாது. 1952இல் உருவான இந்த ஏ-0 என்னும் அமைப்பையே அவர் நிரல்பெயர்ப்பி என அழைத்தார். இன்று கம்பைலர் என வழங்குவதோடு ஒப்பிட்டால், ஏ-0 செய்தது இணைக்கும் வேலையும் ஏற்றும் வேலையுமே. ஆயினும், நிரலைப் பொறியே ஆக்கித்தரும் என்பதை மெய்ப்பித்த முதற்படிகளுள் ஒன்று அது.

அதில் ஒரு சிக்கல் எழுந்தது. நாடாவை ஒருமுறை மட்டுமே ஓட்டி நிரலை ஆக்கவேண்டும். நிரலின் முற்பகுதிக்குத் திரும்பித் தாவ வேண்டுமெனில் அவ்விடம் எதுவென முன்பே தெரியும். இன்னும் எழுதப்படாத பிற்பகுதிக்குத் தாவ வேண்டுமெனில் எவ்விடத்துக்குத் தாவுவது? இதற்கு அவருக்குக் கைகொடுத்தது கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து. அக்கால மகளிர் ஆட்டவிதிப்படி பந்தைத் தட்டிக்கொண்டே நெடுந்தூரம் ஓட இயலாது. பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடி, அங்கே அதனைத் திரும்பப் பெறவேண்டும். அவ்வாறே, நினைவகத்தின் ஓர் ஓரத்தை ஒதுக்கினார். பிற்பகுதிக்குச் செல்லும் தாவல் முதலில் அந்த ஓரத்துக்குச் செல்லும். பின்னர் உரிய பகுதி எழுதப்படும்போது, அதன் இருப்பிடம் அந்த ஓரத்தில் குறித்துவைக்கப்படும். பந்து சேரவேண்டிய கையைச் சேர்ந்தது.

இயங்கும் நிரல்பெயர்ப்பி கையில் இருந்தும் அதனைத் தொடுவார் இல்லை. கணிப்பொறி எண்களைக் கூட்டிக் கழிக்குமே தவிர நிரல் எழுதாது எனப் பலரும் மறுத்தனர். இதில் அறியாமை மட்டும் இருந்ததாகத் தோன்றவில்லை. பொறிமொழி அறிந்தோர் அந்நாளில் மிகச் சிலர். தம் கலை எல்லோருக்கும் எளிதாவதை அவர்களுள் சிலர் விரும்பவில்லை. கிரேஸ் வாதத்தோடு நில்லாமல் ஊர்தோறும் சென்று விளக்கினார், கட்டுரைகள் எழுதினார். அடுத்த வடிவமான ஏ-2வை 1953இன் இறுதியில் யூனிவாக் வாங்கியோருக்கு மூலநிரலுடன் வழங்கி, அவர்கள் செய்யும் திருத்தங்களைத் தமக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்.

சொற்களால் ஆணை

அறிவியலாளருக்குக் குறியீடுகள் பழக்கமானவை. சம்பளப்பட்டியலும் சரக்கிருப்பும் கணக்கிடுவோருக்கு அவை அச்சந்தருபவை. அவர்களுக்கு ஏற்றவாறு ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிடும் மொழி ஒன்றினை உருவாக்க கிரேஸ் முயன்றார். நிர்வாகத்தினர் முன் ஒரு சிறு மாதிரியை இயக்கிக் காட்டியபோது, அதே நிரலை பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் எழுதி இயக்கினார். பொறியைப் பொறுத்தவரை எந்த மொழிச் சொல்லும் ஒரு குறித்தொகுதியே என்பதை விளக்குவது அவர் நோக்கம். விளைவு எதிர்மாறாயிற்று. அமெரிக்காவில் செய்த கணிப்பொறிக்கு அயல்மொழி புரியுமா என நிர்வாகத்தினர் திகைத்தனர். இனி ஆங்கிலம் மட்டுமே பயன்படுத்துவதாக உறுதி கூறியே அவர் அடுத்த ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. அவ்வாறு உருவானதே ஃபுளோ-மேட்டிக் என்னும் மொழி.

1950களின் இறுதியில் கணிப்பொறி செய்யும் நிறுவனங்கள் பெருகின. ஒவ்வொன்றும் தன் பொறிக்கெனத் தனி மொழி வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் பொறியை வாங்கியவர் பின்னர் வேறு பொறிக்கு மாற விரும்பினால், பல ஆண்டு உழைப்பில் எழுதிய நிரல்களையெல்லாம் கைவிட்டுப் புதிதாக எழுதவேண்டும். இந்தச் செலவை மிகுதியாகத் தாங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத்துறை. 1959 மே மாதம் பென்டகனில் பல நிறுவனங்களும் கூடி எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான வணிகமொழி ஒன்றினை உருவாக்க முடிவுசெய்தன. அதுவே கோபால். நம்மூர்ப் பெயர்போல ஒலித்தாலும், பொதுவான வணிகநோக்கு மொழி எனப் பொருள்படும் ஆங்கிலத்தொடரின் எழுத்துச் சுருக்கமே அப்பெயர்.

கோபாலை கிரேஸ் ஹாப்பர் தனியே உருவாக்கினார் எனச் சிலர் எழுதுவர். ஜீன் சாமெட், ஜெர்ட்ரூட் டியர்னி, ஹோவர்டு பிராம்பர்க் உள்ளிட்ட ஆறு பேர் கொண்ட குழுவே அதன் இலக்கணத்தை முதன்மையாக வரைந்தது. கிரேஸ் அம்முயற்சிக்கு ஆலோசகர். ஆனால், அவ்வறுவரும் முன்னால் வைத்துக்கொண்ட முதன்மையான மாதிரி ஃபுளோ-மேட்டிக். கோபாலின் உடலில் அதன் சாயல் மிகுதி. பணி இழுபட்டுக்கொண்டே சென்றபோது சலிப்புற்ற பிராம்பர்க், கோபால் எனப் பெயர் பொறித்த கல்லறைக்கல் ஒன்றை விலைக்கு வாங்கி, முயற்சியின் தலைவரான சார்லசு பிலிப்சுக்கு அனுப்பிவைத்தார். மொழி மடிந்தே பிறக்கும் என்பது அவர் கேலி.

மொழி பிறந்தது. உண்மையான தேர்வு 1960 டிசம்பரில் நடந்தது. ஒரே கோபால் நிரல், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 501 பொறியிலும் ரெமிங்டன் ரேண்டின் யூனிவாக் 2 பொறியிலும் இயக்கப்பட்டது. முன்னது டிரான்சிஸ்டர்களால் ஆனது; பின்னது வெற்றிடக் குழாய்களை நம்பியது. யூனிவாக் பன்னிரண்டு எழுத்துகளை ஒரு சொல்லாகக் கொண்டு நினைவகத்தில் வைக்கும். 501இலோ சொல்லின் நீளம் வேண்டியவாறு மாறும். இரண்டின் ஆணைத்தொகுதிகளும் வேறு. இருந்தும், சிறுசிறு மாற்றங்களோடு அந்த ஒரே நிரல் இரு பொறிகளிலும் இயங்கியது. ஒவ்வொரு பொறிக்கும் உரிய நிரல்பெயர்ப்பி, பொதுமொழியில் எழுதியதைத் தன் பொறியின் மொழியில் பெயர்த்துத் தந்தது. பின்னர், கோபால் நிரல்பெயர்ப்பி இல்லாத கணிப்பொறியை வாங்குவதில்லை எனப் பாதுகாப்புத்துறை அறிவித்ததும் நிறுவனங்கள் போட்டியிட்டுக்கொண்டு அதனை உருவாக்கின.

ஒரே பெயர், பல கிளைமொழிகள்

1966இன் இறுதியில், அறுபது வயதில், கடற்படைச் சேமப்படையிலிருந்து ஓய்வு பெறுமாறு கிரேசுக்கு ஆணை வந்தது. அந்நாள் தம் வாழ்வின் மிகத் துயரமான நாள் என அவர் கருதினார். ஏழு மாதங்கள் கடந்தன. 1967 ஆகஸ்டில் ஆறு மாதப் பணிக்காகக் கடற்படை அவரை மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நீண்டது.

அழைத்ததற்குக் காரணம் இதுவே: எல்லா நிறுவனங்களும் தத்தம் நிரல்பெயர்ப்பியைக் கோபால் என்றே விற்றன, எந்த இரண்டும் முற்றிலும் ஒத்திருக்கவில்லை. ஒரு நிறுவனம் இலக்கணத்தில் ஒரு விதியை விட்டுவிடும். மற்றொன்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும். ஒரு தளத்தில் இயங்கிய நிரல் இன்னொரு தளத்தில் நின்றுபோகும். அல்லது நில்லாமல் ஓடித் தவறான விடை தரும். பின்னதே கொடியது. சம்பளக் கணக்கில் நேரும் இத்தகைய பிழை பல மாதங்கள் கண்ணில் படாமலே இருக்கக்கூடும்.

விற்போரின் உறுதிமொழியை நம்புவதைவிடச் சோதித்து அறிவதே வழி என கிரேசும் அவர்தம் குழுவினரும் முடிவுசெய்தனர். கோபாலின் விதிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கிப் பார்க்கும் சோதனை நிரல்களை எழுதினர். ஒவ்வொரு சோதனைக்கும் சரியான விடை எதுவென முன்பே தெரியும். நிரல்பெயர்ப்பியிடம் அந்நிரல்களைக் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட்டால் அது எந்த விதியில் பிறழ்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். பிற்காலத்தில் அரசுத்துறைகள் வாங்கும் கோபால் நிரல்பெயர்ப்பிகள் இத்தகைய சோதனைக்கு உட்பட்டுச் சான்று பெறவேண்டியதாயிற்று. மொழியைப் படைத்தோரைப் புகழ்வோர் பலர். அம்மொழி பல பொறிகளிலும் ஒரே பொருள் தருகிறதா எனச் சலிப்பின்றிச் சோதித்த இந்தப் பணியை நினைப்போர் குறைவு. எம் கருத்தில், அவர்தம் வாழ்நாள் பணிகளுள் இதுவும் தலையாயது.

இதன் அருமையை நம் கையிலுள்ள கருவியைக் கொண்டே உணரலாம். கைப்பேசிகளில் பெரும்பாலானவை ஏ.ஆர்.எம். வகை நுண்செயலியைக் கொண்டவை. மென்பொருள் எழுதுவோரின் மேசைக்கணினிகளில் பல எக்ஸ்86 வகையைச் சேர்ந்தவை. (தமிழில் இன்று நுண்செயலியையும் செயலி என்கிறோம், கைப்பேசி மென்பொருளையும் செயலி என்கிறோம். குழப்பம் நேராதிருக்க முன்னதை நுண்செயலி என்றே இங்குக் குறிக்கிறோம்.) மிகுந்த வேகம் தேவைப்படும் விளையாட்டு, ஒளிப்படம் போன்றவற்றுக்கான செயலிகளின் பகுதிகளை சி, சி++ மொழிகளில் எழுதி, நேரே நுண்செயலியின் மொழிக்கே பெயர்த்துவிடுவர். அவ்வாறு பெயர்த்தது ஒரு வகை நுண்செயலிக்கே உரியது. ஆகவே, 32 பிட் ஏ.ஆர்.எம்., 64 பிட் ஏ.ஆர்.எம்., எக்ஸ்86 எனத் தனித்தனியே பெயர்த்து அனைத்தையும் வழங்கவேண்டும். கருவிக்கு உரியது இல்லையெனில் செயலி நிறுவப்படாது. அல்லது திறந்தவுடன் மூடிக்கொள்ளும். கூகுள் பிளேயில் வெளியிடும் இத்தகைய செயலிகள் 64 பிட் வடிவத்தையும் கொண்டிருக்கவேண்டும் என்பது 2019 ஆகஸ்டு முதல் விதியாக உள்ளது.

மேசைக்கணினியில் கைப்பேசியைப்போல நடிக்கும் போலிப்பொறி ஒன்றில் சோதித்துவிட்டு அமைவது எளிது. ஆனால், அப்போலிப்பொறி எக்ஸ்86 மொழியில் இயங்கினால் ஏ.ஆர்.எம். நுண்செயலியில் தோன்றும் பிழை அங்கே தோன்றாது. ஓர் எடுத்துக்காட்டு: சி மொழியில் எழுத்துகளை வைக்கும் மாறியை எக்ஸ்86க்கான நிரல்பெயர்ப்பிகள் குறியுடைய எண்ணாகக் கொள்ளும், ஆண்ட்ராய்டின் ஏ.ஆர்.எம். பெயர்ப்பில் அது குறியற்ற எண். -1 என்னும் மதிப்பை அதில் இட்டால் முன்னதில் -1 ஆகவே இருக்கும். பின்னதில் 255 ஆகிவிடும். மதிப்பு சுழியைவிடக் குறைந்ததா எனக் கேட்கும் வரி ஓரிடத்தில் ஆம் என்னும். மற்றோரிடத்தில் இல்லை என்னும். மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொறி மட்டுமே மாறியது. உண்மையான கைப்பேசியில், ஒவ்வொரு வகை நுண்செயலியிலும் இயக்கிப் பார்த்தாலன்றி இது புலப்படாது. கிரேஸ் ஹாப்பரின் குழுவினர் 1960களில் எதிர்கொண்டதும் இதே வகைச் சிக்கலே.

எதிர்த்திசையில் ஓடிய கடிகாரம்

அவர்தம் அலுவலறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் முட்கள் வலமிருந்து இடமாகச் சுற்றின. வந்தோர் முதலில் குழம்பினர். சிறிது நேரத்தில் அதனையும் படிக்கப் பழகினர். எப்போதும் இப்படித்தான் செய்துவருகிறோம் என்று காரணம் கூறுவோரிடம் அவருக்குப் பொறுமை இல்லை. அக்கடிகாரமே அவர்களுக்கு விடை.

முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார். கேட்போருக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித்துண்டுகளை வழங்குவார். ஒரு நானோநொடியில், அதாவது ஒரு நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கில், மின்குறி செல்லக்கூடிய மிகுதியான தொலைவு அது. செயற்கைக்கோள் வழியே அனுப்பும் செய்தி ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என வினவும் தளபதியரிடம், இங்கிருந்து அங்குவரை எத்தனை கம்பிகள் இடவேண்டும் என எண்ணிப் பார்க்கச் சொல்வார். மைக்ரோநொடியைக் காட்ட ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கம்பிச்சுருளையும் உடன் கொண்டு வருவார். நிரலர் ஒவ்வொருவரும் வீணாக்கும் மைக்ரோநொடியின் அளவை அறியவேண்டும் என்பதற்காக அச்சுருள்.

சிறப்புகள் பல வந்தன. தரவுச்செயலாக்க மேலாளர் சங்கம் 1969இல் ஆண்டின் சிறந்த ஆண்மகன் என்னும் பெயரிலமைந்த விருதை முதன்முதலாக வழங்கியபோது, அதனைப் பெற்றவர் இவரே! 1983இல் குடியரசுத் தலைவர் ரீகன் அவரைக் கமடோர் பதவிக்கு உயர்த்தினார்; ஈராண்டில் அப்பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என மாறியது. 1986 ஆகஸ்டில், பாஸ்டன் துறைமுகத்தில் நின்றிருந்த கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெருங்கப்பலின் மேல்தளத்தில் அவருக்கு ஓய்வுவிழா நடந்தது. அப்போது அவருக்கு வயது 79. பணியிலிருந்த அதிகாரிகளுள் அவரே மூத்தவர். வீட்டில் ஓய்ந்திருக்க மனமின்றி, டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

1992 ஜனவரி முதல் நாள் விர்ஜினியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் உறக்கத்திலேயே அவருயிர் பிரிந்தது. ஆர்லிங்டன் தேசிய நினைவிடத்தில் முழுப் படைமரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். போர்க்காலத்தில் கடற்பணி கிட்டாது கீழ்த்தள அறையொன்றுக்கு அனுப்பப்பட்டவரின் பெயர், 1996இல் கடலில் இறக்கப்பட்ட போர்க்கப்பலொன்றுக்குச் சூட்டப்பட்டது. யு.எஸ்.எஸ். ஹாப்பர் என்னும் அக்கப்பல் மறு ஆண்டு கடற்படையில் சேர்ந்தது.